ஜிடிஏ 6 விளையாட பிஎஸ்5 வாங்கணுமா, கம்ப்யூட்டரே போதுமா? பணம் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"வீட்டுல நல்ல கம்ப்யூட்டர் இருக்கு. ஜிடிஏ 6 அதுல ஓடுமா?" கேமிங் பிரியர்கள் மத்தியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ராக்ஸ்டார் நிறுவனம் 2023 டிசம்பரில் முதல் ட்ரெய்லரை வெளியிட்டபோது, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மற்றும் எஸ் ஆகிய கன்சோல்களை மட்டுமே அறிவித்தது. கம்ப்யூட்டரின் பெயர் அதில் இல்லை. அப்போ இந்த ஒரு கேமுக்காக கன்சோல் வாங்கலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

கம்ப்யூட்டருக்கு வரவே வராதா?

பழைய வரலாறு, 'லேட்டா வரும்' என்றுதான் சொல்கிறது. ஜிடிஏ 5, கன்சோல்களுக்கு 2013 செப்டம்பரில் வந்தது. கம்ப்யூட்டருக்கு வந்தது 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு சுமார் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. சோனியின் காட் ஆஃப் வார் 2018-ல் பிஎஸ்4-க்கும், 2022-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. ஆனால் எல்லா கேமுக்கும் இது நடக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

கன்சோலில் என்ன நிம்மதி?

கவரில் பிஎஸ்5 என்று போட்டிருந்தால், அது பிஎஸ்5-ல் ஓடும். அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் அப்படியில்லை. பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு என எல்லாம் பொருந்த வேண்டும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு, ரே டிரேசிங் வசதியுள்ள கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். 2016-ல் உச்சத்தில் இருந்த ஜிடிஎக்ஸ் 1080 கார்டு வைத்திருப்பவர்களால்கூட அதை விளையாட முடியாது.

பழைய கேம்கள் என்னாகும்?

இங்கேதான் நிலைமை தலைகீழ். பிஎஸ்4 கேம்களில் பெரும்பாலானவை பிஎஸ்5-ல் ஓடும். ஆனால் பிஎஸ்3 டிஸ்க்கைப் போட்டால் ஓடாது. பிஎஸ்3-ல் இருந்த 'செல்' பிராசஸர் முற்றிலும் வேறு வகை என்பது இதற்கு முக்கிய காரணம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் ஓடும், ஆனால் மைக்ரோசாஃப்ட் தேர்ந்தெடுத்தவை மட்டும்தான். கம்ப்யூட்டரிலோ 2004-ல் வந்த ஹாஃப்-லைஃப் 2-வை இன்றும் விளையாடலாம். சில பழைய கேம்களுக்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும்.

செலவு எப்படி?

டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5, 2021 பிப்ரவரியில் இந்தியாவில் ரூ.49,990-க்கு அறிமுகமானது. பின்னர் ரூ.54,990 ஆக உயர்ந்தது. அதே அளவு திறனுள்ள கம்ப்யூட்டருக்கு பொதுவாக இதைவிட அதிகம் செலவாகும். ஆனால் ஜிடிஏ ஆன்லைன் போன்றவற்றை பிஎஸ்5-ல் விளையாட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா தனியாகக் கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தச் செலவு இல்லை. படிப்பு, வேலை, எடிட்டிங் எல்லாவற்றுக்கும் அதே கம்ப்யூட்டர் உதவும்.

அப்போ எதை வாங்கலாம்?

ஜிடிஏ 6-ஐ வந்த அன்றே விளையாடணும், செட்டிங்ஸ் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு கன்சோல் சரி. காத்திருக்க முடியும், வாங்கிய கேம்கள் பல வருஷம் கையில் இருக்கணும், வீட்டுக்கும் பயன்படணும் என்றால் கம்ப்யூட்டரே லாபம். ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு கேமுக்காக ஐம்பதாயிரத்தைத் தாண்டி செலவழிக்கும் முன், அந்த கன்சோலில் வேறு எந்த கேம்களை விளையாடப் போகிறோம் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். பட்டியல் ஒன்றோடு நின்றுவிட்டால், காத்திருப்பதே நல்லது.