பன்னிரண்டு போதாதோ?

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் கல்லூரி மாணாக்கர் ஆடும் பந்தாட்டத்தைப் பற்றி அந்நாட்டார் இஞ்ஞான்று பெரிதும் வழக்காடி வருகின்றனர். ஆண்டிறுதியில் நிகழும் 'பிளே-ஆப்' என்னும் முடிவுப் பந்தயங்களிற் கலந்துகொள்ளும் கோஷ்டிகளின் தொகையை 12-இலிருந்து 16 ஆகவோ 24 ஆகவோ உயர்த்தலாமா என்பதே அவ்வழக்கு. கடல் கடந்த நாட்டார் விளையாட்டு நமக்கென்ன என்று நம் வாசகர் சிலர் வினவலாம். கல்லூரி எதன்பொருட்டு உளது, அதில் விளையாட்டிற்கு உரிய இடம் யாது என்பதே இவ்வழக்கின் உட்கிடை. ஆதலின் பயில்வார்க்கும் பயிற்றுவார்க்கும் இஃது அயலான செய்தியன்று.

முதற்கண் ஒன்று கூறவேண்டும். அவர்கள் 'புட்பால்' என்பது நம் மைதானத்தில் ஆடப்பெறும் உதைபந்தன்று. முட்டை வடிவாகிய பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், எதிர்ப்பட்டாரை உடலால் மோதி வீழ்த்தியும் ஆடுவது அது. காலுக்கு அதில் வேலை சிறிதே. பெயர் மட்டும் எஞ்சி நிற்கின்றது. 1869-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6-ஆம் தேதி நியூ ஜெர்ஸி மாகாணத்தில் ரட்கர்ஸ் கல்லூரி மாணாக்கரும், இன்று பிரின்ஸ்டன் எனப்படும் கல்லூரியின் மாணாக்கரும் எதிர்த்தாடியதே முதற் பந்தயம் என்பர். நாளடைவில் ஆட்டம் முரட்டுத்தனமாய் முற்றிற்று. இளைஞர் பலர் களத்திற் பட்ட அடியால் உயிர் நீத்தனர். 1905-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்னும் மூன்று கல்லூரியாரையும் தம் மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். மறு ஆண்டே விதிகள் மாறின; கல்லூரிகளின் பொதுச் சங்கமும் தோன்றிற்று. விளையாட்டை ஆளும் அவ்வதிகாரம் மாணாக்கர் உயிரைக் காக்கும் பொருட்டே பிறந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் நலம்.

நிற்க. நாட்டில் தலைசிறந்த கோஷ்டி எது என்பதைக் களத்தில் முடிவு செய்யும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததில்லை. 1936 முதல் பத்திரிகை நிருபர்கள் வாக்களித்து வரிசைப்படுத்தி வந்தனர். வாக்களிப்போர் வேறு வேறு குழுவினராதலின், சில ஆண்டுகளில் இரு கோஷ்டிகள் முடி சூடியதும் உண்டு. 1998-இல் முதலிரு கோஷ்டிகளைப் பொருத்தும் முறை வந்தது. 2014-இல் இரண்டு நான்காயிற்று. 2024-இல் நான்கு பன்னிரண்டாயிற்று.

நான்கு போதாது என்றவர் கூற்றில் நியாயம் இருந்தது. 2023-இல் புளோரிடா ஸ்டேட் கோஷ்டியார் ஆடிய 13 பந்தயங்களிலும் வென்றனர், ஒன்றிலும் தோற்றிலர். ஆயினும் அவர்தம் தலைமை ஆட்டக்காரர் காயமுற்றார் என்பதைக் கருதி, ஒரு பந்தயத்தில் தோற்ற அலபாமாவைத் தேர்வுக் குழுவினர் உள்ளே விடுத்தனர். தோல்வியே காணாதவனை வாயிலில் நிறுத்தும் போட்டி போட்டியாகுமோ? 12 ஆக்கியதை நாம் குறைகூறோம். 2024-இல் எட்டாவதாய் நுழைந்த ஒஹையோ ஸ்டேட்டே இறுதியில் வாகை சூடிற்று. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் பத்தாவதாய் நுழைந்த மியாமி, 2026 ஜனவரியில் நிகழ்ந்த இறுதிப் பந்தயம் வரை சென்று, இண்டியானாவிடம் 27-க்கு 21 என்று தோற்றது. பின்னிற்பவரை எளிதில் தள்ளிவிடலாகாது என்பதற்கு இவை சான்று. பெருக்க வேண்டுவோர் கைக்கொள்ளும் வாதங்களுள் வலியது இதுவே. இதனை நாம் மறைத்தல் நேர்மையன்று.

ஆயினும் இவ்வாதத்திற்கு எல்லை எங்கே? நான்கு கோஷ்டியாய் இருந்த காலத்து ஐந்தாமவர் முறையிட்டனர். 2025-இல் பதினோராம் இடத்தில் நின்றும் இடம் பெறாத நோட்டர் டேம் முறையிட்டது. இருபத்துநான்கு ஆயின் இருபத்தைந்தாமவர் வாளாவிருப்பரோ? அந்நாட்டின் இரண்டாந்தரக் கல்லூரிப் பந்தாட்டத்தைப் பாருங்கள். அதன் முடிவுப் பந்தயம் 1978-இல் நான்கு கோஷ்டிகளோடு தொடங்கியது. 8, 12, 16, 20 என ஏறி, 2013-இல் 24 ஆயிற்று. பெருந்தொற்றுக் காலத்து ஒரு பருவத்தில் தற்காலிகமாய்க் குறைந்ததன்றி, இறங்கியதில்லை.

இனி, இப்பெருக்கத்தின் சுமை எவர் தோளில் ஏறுகின்றது? 2006-இல் பருவத்திற்குரிய பந்தயங்கள் 11-இலிருந்து 12 ஆயின. அதன்மேல் 'கான்பரன்ஸ்' எனப்படும் கல்லூரிக் கூட்டங்களின் முடிவுப் பந்தயம் ஒன்று. அதன்மேல் நாட்டின் முடிவுப் பந்தயங்கள். 2024-இல் இறுதிவரை நின்ற இரு கோஷ்டியாரும் பதினாறு பந்தயம் ஆடினர். 24 ஆயின் பதினேழோ பதினெட்டோ ஆட நேரும். முதற்சுற்று டிசம்பர் மாதத்தின் நடுவிலே, கல்லூரிகள் பலவற்றில் தேர்வு நிகழும் காலத்தையொட்டி வருகின்றது. இன்னொரு சுற்று வேண்டுமெனின் அதனை எந்த வாரத்திற் செருகுவது? உடலின் பாடு அதனினும் பெரிது. பன்முறை தலையில் மோதுண்டார்க்கு மூளை நாளடைவில் நலிந்து போகும் நோய் உண்டாதலை மருத்துவர் கண்டுள்ளனர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்லூரியளவில் ஆடி நின்றவர் 53 பேரின் மூளையை அவர்தம் மரணத்தின் பின்னர்ச் சோதித்து, 48 பேரிடம் அந்நோயைக் கண்டனர். ஐயமுற்ற குடும்பத்தாரே பெரும்பாலும் மூளையைக் கொடுத்திருப்பராதலின், இத்தொகையை ஆட்டக்காரர் அனைவர்க்கும் பொதுவாக்கல் ஆகாது. ஆயினும் மேலும் ஒரு பந்தயம் என்பதை ஏட்டில் எழுதும் எண்ணாக மட்டும் கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

பொருளே இதன் வேர் என்பதையும் ஒளிக்க வேண்டுவதில்லை. முடிவுப் பந்தயங்களை ஒளிபரப்பும் உரிமைக்காக இ.எஸ்.பி.என். நிறுவனம் ஆறாண்டுகளுக்கு 780 கோடி டாலர் கொடுக்க 2024-இல் ஒப்பியது. பந்தயம் பெருகின் பணமும் பெருகும். ஆட்டக்காரரும் இந்நாளில் ஊதியம் பெறுகின்றனரே என்பர். உண்மையே. வழக்கொன்றின் முடிவால் 2025 முதல் ஒரு கல்லூரி ஆண்டிற்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் விளையாட்டு மாணாக்கர்க்குப் பகிர்ந்தளிக்கலாம். ஆனால் ஊதியம் பெறுவோன் தன் வேலையின் அளவைப் பற்றி முதலாளியோடு பேசுவான்; இவர்க்கோ அவ்வுரிமை இல்லை. எத்தனை பந்தயம் என்பதைக் கூட்டங்களின் தலைவர்களே முடிவு செய்கின்றனர்.

ஹார்வர்டு, யேல் முதலிய எட்டுக் கல்லூரிகள் சேர்ந்த 'ஐவி' கூட்டத்தில் நிகழ்ந்தது வேறு. படிப்பிற்கு இடையூறாகும் என்று பந்தாட்ட முடிவுப் பந்தயங்களிற் கலவாதிருந்த அக்கூட்டம், 2024 டிசம்பரில் அவ்விரதத்தைக் கைவிட்டது. அதனை வேண்டியவர் விளையாட்டு மாணாக்கரே. அவர்தம் ஆலோசனைக் குழுவினர் எழுதிக் கொடுத்த விண்ணப்பமே தொடக்கம். அங்குப் பருவத்திற்குப் பத்துப் பந்தயமே என்பதையும் மறத்தலாகாது. அம்முடிவை நாம் குறைகூறத் துணியோம். மிகுதியாய் ஆடுதலை நாம் வெறுக்கவில்லை. ஆடுவோனைக் கேளாமல் மிகுவிப்பதையே வெறுக்கின்றோம்.

24 வேண்டுவோருட் சிலர் கூட்டங்களின் முடிவுப் பந்தயங்களை நீக்கிவிடலாம் என்கின்றனர். அறிவுடைய சொல்லே, ஆனால் அரைவழியே வந்த சொல். பருவப் பந்தயத்தையும் மீண்டும் 11 ஆக்கட்டும். அதன்பின் ஆடும் மாணாக்கரின் வாக்கை மறைவாகப் பெற்று, அதன் தொகையை வெளியிடட்டும். அத்தொகை வெளிவருமளவும் எம் வாக்கு பன்னிரண்டிற்கே.