சேம அச்சு

வண்டியின் எடை முழுவதும் கடைசியில் வந்து சேரும் இடம் அச்சு. கூண்டையும் தளத்தையும் ஏற்றிய பாரத்தையும் ஏறி அமர்ந்த மனிதரையும் ஒருசேரத் தாங்கி, அந்தச் சுமையைச் சக்கரங்களின் வழியே தரைக்கு இறக்கிவிடும் குறுக்குத் தண்டுக்கே அச்சு என்று பெயர். ஆயினும் பழைய வண்டிகளை வாங்கிச் சீர்செய்யப் புகுவோர் முதலில் கைவைப்பது வண்ணப்பூச்சிலும் மரவேலையிலும் சன்னல் கண்ணாடியிலும்தான். குனிந்து பார்த்தாலன்றிக் கண்ணில் படாத அந்தத் தண்டைப் பற்றிய நினைவு, வண்டி நடுவழியில் சாய்ந்த பிறகே பலருக்கு வருகிறது. பழைய பாகங்களை அப்படியே வைத்திருப்பதுதான் பழமையைப் போற்றுவது என்ற எண்ணமும் இந்த மறதிக்குத் துணைபோகிறது. ஆனால் பழைய வண்டி காட்சிப் பொருளாகிவிடாமல் வண்டியாகவே நீடிக்க வேண்டுமானால், உரிய காலத்தில் அதன் அச்சை மாற்றியே ஆக வேண்டும்.

தமிழர் பலருக்குக் 'கேரவன்' என்ற சொல் திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களின் வழியாகவே அறிமுகமானது. நடிகர்கள் ஓய்வெடுக்கும் அந்த வாகனம் பெரும்பாலும் சொந்த எஞ்சின் கொண்ட, பேருந்தை ஒத்த வண்டி. இதற்கு மூத்த வகை ஒன்று உண்டு. எஞ்சின் ஏதுமின்றி, காரின் பின்னால் கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்லப்படும் அந்த நடமாடும் வீட்டைப் பயண டிரெய்லர் எனலாம். 1885ஆம் ஆண்டில் மருத்துவரும் எழுத்தாளருமான கார்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டல் நகரத்து வேகன் தொழிற்சாலையில் தமக்கெனக் கட்டுவித்த 'வாண்டரர்' என்ற குதிரை வண்டி, உல்லாசப் பயணத்துக்கென்றே எழுந்த இவ்வகை வண்டிகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1930களில் அமெரிக்காவில் வாலி பையம் உருவாக்கிய ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்கள், விமானத்தின் உடலைப் போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்துக் கட்டப்பட்டவை. அறுபது ஆண்டுப் பழைய ஏர்ஸ்ட்ரீம்களைத் தேடி வாங்கிப் புதுப்பிப்போர் இன்றும் உள்ளனர். கர்நாடகத்தின் தங்கச் சுரங்க நகரான கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் டிரெய்லர் என்றால், டிராக்டரின் பின்னால் செங்கல்லோ தக்காளிக் கூடைகளோ தண்ணீர்த் தொட்டியோ சுமந்து வரும் வண்டிதான் நினைவுக்கு வரும். தோற்றத்தில் இரண்டும் வெவ்வேறாயினும், பிறர் இழுக்கத் தான் சுமந்து செல்லும் வண்டி என்ற வகையில் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

தமிழ் மண்ணில் அக்குடும்பத்தின் மூத்த உறுப்பினரைச் சங்க இலக்கியத்தில் காணலாம். கடற்கரை உப்பளங்களிலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று விற்ற வணிகர் உமணர் எனப்பட்டனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, அவர்களுடைய வண்டியைத் தச்சரின் கண்ணோடு உறுப்பு உறுப்பாக விவரிக்கிறது. அந்த வண்டியில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. காடி வைத்த கலமும் உடன் வருகிறது. கைக்குழந்தையோடு இருக்கும் பெண் எருதுகளை ஓட்ட, ஆடவர் பக்கத்தில் நடந்து செல்கின்றனர். சமையலும் வளர்ப்பு உயிரும் குழந்தையும் சக்கரத்தின் மேல் ஏறிவிட்ட இந்த வண்டி, வாணிகத்துக்காக ஓடியதே ஆயினும், நடமாடும் வீடு என்ற சொல்லுக்குக் குறைவின்றிப் பொருந்துகிறது.

இதே உமணரின் வண்டி புறநானூற்றின் 102ஆம் பாடலிலும் வருகிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், நுகம் பழகாத இளம் எருதுகளையும் மிகுதியாக ஏற்றப்பட்ட பண்டத்தையும் முதலில் காட்டுகிறார். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று முன்கூட்டியே கருதிய உமணர், வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்துக்கொண்டே புறப்படுகின்றனர். காவலுக்கென வைத்துக்கொள்ளும் அந்த மாற்று அச்சுக்குச் சேம அச்சு என்று பெயர். 'சேமம்' என்பது பாதுகாப்பைக் குறிக்கும் சொல். தந்தை தாங்கும் நாட்டின் பாரத்தைத் தேவைப்படும்போது ஏற்க ஆயத்தமாக நிற்கும் இளவரசனுக்கு அந்த மரத்துண்டையே உவமையாக்கிய ஔவையார், வண்டிக்கடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் பொருளுக்கு மன்னர் குடியின் மதிப்பை அளித்துவிட்டார். அதியமான்களின் தலைநகரான தகடூர் இன்றைய தருமபுரி ஆகும். தங்கவயலின் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் முன்னோர் வடஆற்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள் என்பதால், அந்த மேட்டு நிலத்தின் வண்டி இவ்வூருக்கு அயலானது அன்று.

அச்சுகள் இரு வகைப்படும். மாட்டு வண்டியில் அச்சு அசையாமல் நிற்க, சக்கரம் மட்டும் அதன் மீது சுழல்கிறது. இரயில் வண்டியிலோ இரு சக்கரங்களும் அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டு, மூன்றும் ஒன்றாகவே சுழல்கின்றன. பங்காருப்பேட்டைக்கும் மாரிக்குப்பத்துக்கும் இடையே 1894 முதல் ஓடிவரும் இரயில் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சுழலும் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மேலும் கீழுமாக வளைந்து நிமிர்வதால், ஒருமுறை ஏற்றினால் எளிதில் தாங்கக்கூடிய சுமையைக்கூடப் பல இலட்சம் முறை தாங்கிய பின் திடீரென ஒடிந்துவிடலாம். இரும்பின் இந்தத் தன்மை உலோகக் களைப்பு எனப்படுகிறது. 1842ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே இக்களைப்பைப் பற்றிய ஆராய்ச்சி விரைவுபெற்றது. பிரஷ்ய இரயில்வேப் பொறியாளரான ஆகஸ்ட் வூலர், அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துச் சோதித்து அதற்கு அடித்தளம் இட்டார். பயண டிரெய்லரின் அச்சும் டிராக்டர் டிரெய்லரின் அச்சும் மாட்டு வண்டியின் அச்சைப் போன்று சுழலாதவை. எனினும் ஒவ்வொரு பள்ளத்திலும் அவை வளைந்து நிமிர்வதால், களைப்பு அவற்றையும் விட்டுவைப்பதில்லை.

சுழலாத அச்சின் வரலாற்றைக் கோலார் மாவட்டத்துச் சாலைகளிலேயே படிக்க முடியும். கட்டை வண்டியில் ஆரக்கால்களும் வட்டையும் கொண்ட மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடித்து, அச்சு நுழையும் குடத்துக்குள் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மையைப் பூசுவார்கள். அந்த மை வற்றினால் சக்கரம் முனகும், எருதின் கழுத்துக்குச் சுமை கூடும். அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில்லைப் பொருத்தியபோது, செல்வர் வீட்டுப் பயணத்துக்குரிய வில்வண்டி பிறந்தது. பின்னர் கழித்துக் கட்டப்பட்ட ஜீப், கார் ஆகியவற்றின் அச்சையும் சக்கரத்தையும் பேரிங்கோடு எடுத்துப் பழைய வண்டித் தளத்தின் கீழ்ப் பொருத்தும் வழக்கம் பரவி, டயர் வண்டி உருவானது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி, மாட்டு வண்டியை நவீனப்படுத்துவதையே தம் பெரும்பணியாகக் கொண்டு, உராய்வு குறைந்த அச்சும் பேரிங்கும் இலகுவான சக்கரமும் எருதின் துன்பத்தைக் குறைக்கும் என்று பல்லாண்டுகள் வாதாடினார். டயர் வண்டி என்பது பழைய உடலுக்குப் புதிய அச்சு பூட்டிய வண்டியே அல்லவா? அப்படிப் பூட்டியதால் அது மாட்டு வண்டி என்ற பெயரை இழந்துவிடவில்லை.

பழைய பயண டிரெய்லர்களில் அச்சு இரு முறைகளில் அமைந்திருக்கும். முதலாவது, வில்வண்டியில் உள்ளதைப் போன்ற பட்டை வில்லின் மேல் அமர்ந்த நேரான எஃகுத் தண்டு. இதில் தண்டு வளைந்துவிட்டதா, வில்லின் பட்டைகளில் விரிசல் உண்டா என்பவை கண்ணாலேயே தெரியும். இரண்டாவது, 1961 முதல் ஏர்ஸ்ட்ரீமில் வந்த ரப்பர் முறுக்கு அச்சு. சதுரமான எஃகுக் குழாய்க்குள் சற்றே சிறிய சதுரத் தண்டு ஒன்றைக் கோணம் திருப்பி வைத்து, நான்கு மூலைகளிலும் உண்டாகும் இடைவெளிகளில் உருளை வடிவ ரப்பர்த் துண்டுகளை இறுக்கிச் செருகிவிடுவார்கள். இதற்காக அந்த ரப்பரைக் கடுங்குளிரில் உறையவைத்துச் சுருக்கி உள்ளே நுழைப்பதும் உண்டு. தண்டின் முனையிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்து நீளும் குட்டையான கையில் சக்கரம் மாட்டப்படுகிறது. சாலையின் மேட்டில் சக்கரம் எழும்போது கை தண்டைத் திருப்ப, திரும்பும் தண்டு ரப்பரைப் பிசைய, அதிர்ச்சி அந்த ரப்பருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இந்த அமைப்பின் வலிமையும் குறையும் அந்த ரப்பரிலேயே உள்ளன. ஓடாமல் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்த வண்டியிலும் எடை இரவும் பகலும் ரப்பரை அழுத்திக்கொண்டே இருப்பதால், இருபது முப்பது ஆண்டுகளில் அது இறுகி, அழுந்திய வடிவிலேயே நிலைத்துவிடுகிறது. கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து இதன் வயதை அறிய இயலாது; அறிவதற்குச் சோதனை ஒன்றே வழி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அச்சுக் குழாயில் முட்டுக் கொடுக்காமல் சட்டத்தின் அடியில் ஜாக்கியை வைத்து மெல்லத் தூக்க வேண்டும். ரப்பருக்கு உயிர் இருந்தால், உடல் உயரும்போது சக்கரம் சிறிது நேரம் தரையைப் பற்றியபடியே கீழே தொங்கும். அதைத் தாங்கும் கை தரையை நோக்கிச் சாய்ந்து இறங்கும். உடல் எழுந்த மாத்திரத்தில் சக்கரமும் கூடவே எழுந்துவிட்டால், அல்லது நின்ற நிலையிலேயே அந்தக் கை கிடைமட்டத்துக்கு மேலே தூக்கியிருந்தால், அச்சு தன் வேலையை என்றோ நிறுத்திவிட்டது என்று பொருள். அதன் பின் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேரே உடலுக்குச் செல்கிறது. ரிவெட்டுகள் தளர்கின்றன, அலமாரித் திருகுகள் கழன்று விழுகின்றன, சட்டம் வெடிக்கிறது. உடலைப் புதுப்பிக்கச் செலவிட்ட பணம் அனைத்தும் அச்சின் வழியே வெளியேறுகிறது.

மாற்றும் வேலையில் அளவெடுப்பதே பெரும்பகுதி. ஒரு பக்கத்து ஹப்பின் முகத்திலிருந்து மறு பக்கத்து ஹப்பின் முகம் வரையுள்ள நீளம், சட்டத்தோடு இணைக்கும் தாங்கிகளின் இடைவெளி, சக்கரக் கையின் தொடக்கக் கோணம், சக்கரப் போல்ட்டுகளின் அமைப்பு, பிரேக்கின் வகை, தாங்கும் திறன் ஆகிய ஆறையும் குறித்துக்கொண்டே புதிய அச்சைத் தேட வேண்டும். இரட்டை அச்சு வண்டியானால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். திறன் கூடுதலாக இருந்தால் நல்லது என்று கருதுவது இங்கே தவறாக முடியும். வண்டியின் எடைக்கு மிகுதியான திறன் கொண்ட அச்சு விறைப்பாக நிற்குமே தவிர வளைந்துகொடுக்காது. செத்த ரப்பர் செய்த கேட்டையே புதிய ரப்பரும் செய்யும். ஆகவே தண்ணீர், சமையல் வாயு, படுக்கை, பாத்திரம் ஆகிய எல்லாவற்றோடும் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்த்த பின்னரே திறனை முடிவு செய்ய வேண்டும். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றே 100 கிலோ. மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தது இந்தக் கூட்டுக் கணக்கைத்தான். இந்தியாவில், பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், அதே வகையும் அதே திறனும் கொண்ட அச்சைத் தேர்வது சட்டப்படியும் சரியானது.

டிராக்டர் டிரெய்லருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். ராபர்ட்சன்பேட்டையில் தண்ணீர்த் தொட்டி சுமக்கும் டிரெய்லரின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயரின் மேல்புறத்தை ஒரு கையாலும் கீழ்ப்புறத்தை மறு கையாலும் பற்றி முன்னும் பின்னும் ஆட்டினால், தளர்ந்த பேரிங் 'டக்' என்ற ஓசையோடு தன்னை உணர்த்திவிடும். ஹப்பின் மூடியைக் கழற்றும்போது கிரீஸ் கறுத்து, தேய்த்த விரலில் உலோகத் துகள் மினுங்கினால் பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும்; புதியதைப் பொருத்திய பின், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, ஸ்பிளிட் பின்னைச் செருகி மடக்க வேண்டும். ஆயில் சீல் பழையதாக இருந்தால் கிரீஸ் பிரேக்குக்குள் கசியும் என்பதால், அந்தச் சிறு வளையத்தையும் அப்போதே மாற்றுவது அறிவுடைமை. பத்து நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனை, தண்ணீர் நிறைந்த தொட்டி ஒன்று சாலையில் கவிழாமல் காக்கும்.

ஊர்களுக்கும் அச்சு உண்டு. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய தங்கச் சுரங்கப் பணி, நூற்று இருபது ஆண்டுக் காலம் கோலார் தங்கவயல் நகரத்தின் சுமையைத் தாங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோது அந்த அச்சு ஒரே நாளில் கழன்றது. 1964இல் நிறுவப்பட்ட கனரக இயந்திர நிறுவனமான பெமலின் தொழிற்சாலை இரண்டாவது அச்சாக நின்றது உண்மையே. எனினும் முழுப் பாரத்தையும் அது ஒன்றே தாங்குவது இயலாததாயிற்று. இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் இரயில்கள், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும் மக்களைச் சுமந்து செல்கின்றன.

இரும்போடு பழகிய கைகள் மட்டும் இவ்வூரில் இன்னும் எஞ்சியிருக்கின்றன. சுரங்கப் பட்டறைகளில் கடைசல் பிடித்தும் வெல்டிங் செய்தும் பொருத்தியும் பழகிய தலைமுறையின் திறமை, நூலில் எழுதி வைக்கப்படாத, கையிலிருந்து கைக்கு மட்டுமே போகும் திறமை. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்த பின், இத்தகைய வண்டிகளைக் கட்டவும் பேணவும் ஆள் தேவைப்படும் காலம் அண்மையில் இருக்கிறது. டிராக்டர் டிரெய்லர்களின் தேவையோ என்றும் குறைந்ததில்லை. முதியோரின் கை தளர்வதற்குள் தொழிற்பயிற்சி நிலையங்களும் பட்டறைகளும் அவர்களை அழைத்து, ஓர் அச்சை அளந்து கழற்றிப் பூட்டுவதை இளையோருக்கு அவர்கள் கையாலேயே கற்பிக்கச் செய்ய வேண்டும். உமணர் மாற்று அச்சைக் கட்டியது பழைய அச்சு முறிந்த பின்னர் அன்று; ஊரை விட்டுப் புறப்படும் முன்னரே, எருதுகளை நுகத்தில் பூட்டிய அன்றே கட்டினர்.