மிகைப்படுத்தல் யாருடையது?

அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பில் சிறுகதையொன்று வாசிக்கப்பட்டது. துணியில் சாயம் விசிறும் தொழிற்சாலைப் பெண்ணொருத்தி மூச்சுத் திணறி இறந்துபோகிறாள். "இது மிகைப்படுத்தல். துணிச் சாயம் ஆளைக் கொல்லுமா?" என்று நண்பரொருவர் கேட்டார். பலரும் தலையாட்டினர். நானும் மௌனமாக இருந்துவிட்டேன். அந்த மௌனத்துக்குப் பரிகாரமாகவே இதை எழுதுகிறேன்.

கொல்லும், கொன்றுமிருக்கிறது. 1992 இல் ஸ்பெயினின் அல்கோய் பகுதியில், துணியில் சாயம் விசிறி அச்சிடும் பட்டறைகளில் வேலை செய்த 6 பேர் நுரையீரல் நோயால் மாண்டனர். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலானோர் இளம் பெண்கள். அப்பட்டறைகளில் ஒன்றின் பெயரால் 'ஆர்டிஸ்டில் நோய்' என்றே வைத்தியர்கள் இதனை அழைக்கின்றனர்.

நடந்தது என்ன? தூரிகையாலோ பஞ்சாலோ பூசுவதற்கென உருவான சாயக் கலவையை அங்கே காற்றழுத்தத் துப்பாக்கியால் விசிறினார்கள். தூளாக இருந்த அதன் கூறொன்றுக்குப் பதிலாகத் திரவமொன்றும் சேர்க்கப்பட்டது. காற்றோட்டமற்ற அறையில் அந்த நுண்துளிகள் நுரையீரலின் ஆழம்வரை போயின. வாய்வழிப் பரிசோதனையில் பெரிய நஞ்சாகத் தெரியாத அப்பொருள், பின்னர் பெல்ஜிய ஆய்வாளர்கள் விலங்குகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பார்த்தபோது கடும் நஞ்சாக இருந்தது.

எனவே, 'பாதுகாப்பான சாயம்' என்பது அரைவாசி வசனம் மட்டுமே. பூசும்போதா, விசிறும்போதா, எவர் சுவாசிக்கும் அறையில் என்பதே மீதி. அந்த மீதியைச் சொல்லாமல் விடுவதால்தான் தொழிலாளி சாகிறாள்.

"முகமூடி அணிந்திருக்கலாமே" என்று அடுத்த கேள்வி வரும். துளிகளை அவை கிளம்புமிடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றுவதுதான் முதல் வேலை. அது முதலாளியின் கடமை. முகமூடி கடைசி அரண். நமது நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தூசியையும் புகையையும் அகற்றும் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் கட்டவில்லை.

அல்கோய்க் குடும்பங்கள் நீதிமன்றத் தீர்ப்புக்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. அவர்களிடமும் மிகைப்படுத்தல் என்றுதான் சொல்வோமா?

நண்பரே, அந்தக் கதையின் நடை தளர்ந்திருக்கிறது, முடிவு அவசரப்பட்டிருக்கிறது. அவற்றைத் தாராளமாகச் சொல்லுங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் இருமலை நம்பமுடியாதென்று சொல்லாதீர்கள். அதைத் தொழிற்சாலை முகாமையாளர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தாளர்களின் துணை அவர்களுக்குத் தேவையில்லை.