காசு கொடுத்தால் அச்சேறும் விஞ்ஞானம்!

நொய்யல் தண்ணீரைச் சீசாவில் பிடித்துப்போய்ச் சோதித்து, படித்தவர்கள் ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் கட்டுரை எழுதுகிறார்கள். பஞ்சுத் தூசி தின்ற மில் தொழிலாளியின் நுரையீரலும் கட்டுரையாகிறது. அதில் நமக்கென்ன என்று சாமளாபுரத்தில் நாம் சும்மா இருந்துவிட முடியுமா? 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வருஷக்கணக்கில் வழக்காடிய பிறகு வந்த உத்தரவு அது. தண்ணீர் கெட்டது என்று கோர்ட்டுக்குப் போனால், முதலில் கேட்பது சோதனைக் கணக்கைத்தான். கணக்கே பொய்யானால்?

பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையைத் தாண்டாமல் ஒரு பீஸும் பெட்டிக்குள் போகாது. ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் அங்கே ஒதுக்கப்படும். ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அப்படியொரு செக்கிங் உண்டு. அதே துறை தெரிந்த வேறு அறிஞர்கள் அதைப் படித்துத் துருவிப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது யார் என்பதையும் ஒளிக்காமல் அச்சிட வேண்டும். பத்திரிகை தர்மம் இதுதான்.

இந்த தர்மத்தை விற்றுத் தின்ற கதை ஹைதராபாத்தில் நடந்தது. ஓமிக்ஸ் என்ற கம்பெனி நூற்றுக்கணக்கான பத்திரிகைகளை நடத்தியது. சம்மதிக்காத அறிஞர்களின் பெயரையெல்லாம் ஆசிரியர் குழுவில் போட்டது. செக்கிங் நடப்பதாகச் சொல்லிக்கொண்டது. கட்டுரையை ஏற்ற பிறகுதான் கட்டணம் எவ்வளவு என்பதை வெளியே எடுத்தது. 2019 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது.

இப்படிப்பட்ட கடைக்கு வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார்கள்? 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு டாக்டர் பட்டம் வாங்கப் பத்திரிகைக் கட்டுரையைக் கட்டாயமாக்கியது. அடுத்த வருஷமே ஆசிரியர்களின் உத்தியோக உயர்வுக்கும் கட்டுரையை எண்ணி மார்க் போட்டது. அற்பச் சம்பளத்தில் வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளர் கடன் வாங்கிக் கட்டுரை அச்சிட்டால் அவரை மட்டும் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பீஸ் ரேட்டில் அவசரம் காட்டினால் தையல் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

2018 மே மாதம் அதே மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை நீக்கியது. முதலில் அவற்றைச் சேர்த்தது யார்? டாக்டர் பட்டத்துக்கான கட்டாயத்தை 2022-ல்தான் எடுத்தார்கள். 2019-ல் போட்ட புதுப் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டு, அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கட்டுரை எண்ணிக்கையைக் காட்டிப் பெயர் வாங்கும் கல்லூரிகளிடமே இந்தப் பொறுப்பா? பாலுக்குப் பூனை காவல்!

பெரிய கம்பெனிகளின் கொள்ளை வேறு விதம். ஜனங்களின் வரிப்பணத்தில் ஆராய்ச்சி நடக்கிறது. எழுதுகிறவருக்குக் கூலி கிடையாது, செக்கிங் செய்யும் அறிஞருக்கும் பெரும்பாலும் கிடையாது. அப்படி அச்சானதைப் படிக்க மறுபடி காசு! 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் 30 பதிப்பகங்களின் பத்திரிகைகளுக்காக மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. மாணவர்கள் படிக்கட்டும், சந்தோஷமே. ஆனால் நூல் நம்முடையது, நெசவு நம்முடையது, துணிக்கு மட்டும் நாமே விலை கொடுக்க வேண்டுமா?

வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியை எல்லோரும் இலவசமாகப் படிக்க வழி செய்ய வேண்டும். பொய்க் கட்டுரையைத் தாமதமின்றிப் பகிரங்கமாக வாபஸ் வாங்க வேண்டும். யாருடைய தண்ணீரை, யாருடைய நெஞ்சைச் சோதித்தார்களோ, அவர்களுக்கு முடிவைத் தமிழில் சொல்ல வேண்டும். சாமளாபுரம் பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பக்கம் ஒட்டினால் போதும். படித்துவிட்டு நாமும் நாலு கேள்வி கேட்போம்.