குதிரையைக் கட்டி வளர்க்கட்டும்! பவுண்டை அரசு திறக்கட்டும்!



கடனை வாங்கி, மேட்டூர் தண்ணிக்கும் மழைக்கும் காத்துக்கிடந்து சம்பாவைக் கரையேற்றுகிறோம். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, ஈரத்தோடு ஈரமாக உளுந்தும் பயறும் தெளிக்கிறோம். நெல்லில் விட்டதை உளுந்தில்தான் கொஞ்சமாவது பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, "அறுப்புதான் முடிஞ்சுதே, தரிசுதானே" என்று ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்து விடுகிறார்கள். எல்கைப் பந்தயத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை வளர்ப்பவர்கள் சிலரும் இதே வேலையைச் செய்கிறார்கள்.

மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. குதிரைக்கு இரண்டு வரிசையும் உண்டு. தரையோடு நறுக்கி எடுத்துவிடும். விரட்டினால் நின்று போகாது, நாலு வயலை மிதித்து, வரப்பை உடைத்துக்கொண்டு ஓடும். இருட்டில் வேதாரண்யம் சாலையில் ஏறினால், மோட்டார் சைக்கிளில் வருகிறவன் கதி என்ன?

உடையவரிடம் கேட்டால், "வாயில்லா ஜீவன், அதுக்கு என்னங்க தெரியும்?" என்கிறார். அதுக்குத் தெரியாதுதான். அதனால்தான் வளர்க்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்கிறோம். ராமநாதபுரத்திலிருந்து கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளோடு வந்து நம் வயலில் கிடை போடுகிறார்கள். ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் காவல் காக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்தவரால் ஒரு மந்தையைக் காக்க முடிகிறது; உள்ளூர்க்காரரால் ஒரே ஒரு குதிரையைக் கட்ட முடியாதா?

நமக்குத் தெற்கே கோடியக்கரையைப் பாருங்கள். 1967-ல் வெளிமானுக்காக அமைந்த சரணாலயத்தில் இன்று மட்டக்குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன. அவை காட்டுக் குதிரை அல்ல. மனிதர் வளர்த்துக் கைவிட்டவற்றின் வாரிசுகள். மானுக்கான புல்லை மேய்கின்றன, கேட்பதற்கு உடையவன் இல்லை. முளையடிக்கச் சோம்பல்பட்டதன் பலனை எத்தனை தலைமுறை சுமக்கிறது!

சட்டம் இல்லையா? 1871-லேயே கால்நடை அத்துமீறல் சட்டம் வந்துவிட்டது. அதில் கால்நடை என்றால் மாடு, ஆடு மட்டுமல்ல; குதிரையும் மட்டக்குதிரையும் கழுதையும் உண்டு. பயிரை அழிக்கும் கால்நடையைச் சாகுபடி செய்பவரே பிடிக்கலாம். 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்க வேண்டும். உடையவர் தண்டமும் தீவனச் செலவும் கட்டித்தான் மீட்க முடியும். கேட்பாரற்றுக் கிடந்தால் ஏலம். இது போக, பயிர்ச் சேதத்துக்குத் தனியே நஷ்டஈடு கேட்டு வழக்கும் போடலாம்.

ஆனால் பிடித்து எங்கே அடைப்பது? பவுண்டு இருந்த இடத்தில் பல ஊர்களில் குட்டிச்சுவர்தான் மிச்சம். பவுண்டு எங்கே வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறது. அது தூங்குவதால்தான் வரப்புத் தகராறு வெட்டுக்குத்து வரை போகிறது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆத்திரத்தில் விஷம் வைக்காதீர்கள், காலை வெட்டாதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் அதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. நஷ்டப்பட்டவனே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டுமா? குதிரைக்காரரும் யோசிக்கட்டும்: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. நெல்லை வயிறு முட்டத் தின்றால் வயிற்றுவலி கண்டு அதுவே செத்துப்போகலாம். கட்டி வளர்ப்பது அவருக்கும்தான் லாபம்.

சேதத்தை உடனே படம் எடுங்கள். நாலு பேரைச் சாட்சி வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். உளுந்து வயலில் நிற்கும் காலத்தில்தான் ஜனவரி 26 கிராம சபையும் வருகிறது. ஊரே திரண்டு போய்த் தீர்மானம் போடுவோம்!

நாம் கேட்பது:

1. இடிந்த பவுண்டுகளைச் சீர்செய்து, காவலாள் போட்டு, தண்ணீர் தீவன வசதியோடு திறக்க வேண்டும்.

2. உளுந்து, பயறு விதைப்புக்கு முன்பே ஊர்தோறும் தண்டோரா போட்டு எச்சரிக்க வேண்டும்.

3. பிடித்த கால்நடையை அடாவடியாக அவிழ்த்துப் போவோர் மீது, ஆள் பார்க்காமல் காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டும்.

குதிரை மீது நமக்குக் கோபமில்லை. உழைத்தவன் வயிற்றை மிதிக்கும் அலட்சியத்தின் மீதுதான் கோபம்.

கட்டி வளர்! இல்லையேல் தண்டம் கட்டு!
மாவட்ட நிர்வாகமே, பவுண்டைத் திற!