பூட்டிக் கிடக்கும் ஆய்வகமும் புத்தகத்தில் மட்டுமே வாழும் வெர்னியரும்!

தோழர்களே!

பேரிகையில் படித்து முடித்த நம்ம பையன் ஓசூர் சிப்காட்டுக்கு வேலை கேட்டுப் போகிறான். கம்பெனியில் ஒரு வெர்னியரைக் கையில் கொடுத்து, "இந்த பீஸோட அளவு எவ்வளவுன்னு பாருப்பா" என்கிறார்கள். முழிக்கிறான்.

அவன் மக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே அளவீடுதான். வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.01 செ.மீ., திருகு அளவிக்கு 0.01 மி.மீ. மனப்பாடமாச் சொல்வான், மார்க்கும் வாங்கியிருப்பான். ஆனா அந்தக் கருவியை ஒரு நாளும் கையில் தொட்டதில்லை!

மிஷினை ஓட்டுறவன் யார், லோடு இறக்குறவன் யார் என்று பிரிக்கிற கோடு அங்கேயே விழுந்துவிடுகிறது. அந்தக் கோட்டைப் போட்டது கம்பெனி இல்லை. பூட்டிக் கிடந்த ஆய்வகம் போட்ட கோடு அது!

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "போர்ஷன் முடிக்கணும், விளையாட நேரமில்லை."

விளையாட்டா? ஒரு நூல், ஒரு கல் எடுங்க. 25 செ.மீ. நீளத்தில் கட்டி ஆட்டுங்க. 10 அலைவுக்கு ஏறத்தாழ 10 நொடி. நூலை நாலு மடங்காக்கி 1 மீட்டர் வைத்தால் எத்தனை நொடி? "40!" என்று வகுப்பே கத்தும். ஆட்டிப் பார்த்தால் 20 நொடிதான் வரும். "ஏன்?" என்று பிள்ளை கேட்கிற அந்த நிமிடத்தில் வர்க்கமூலம் மண்டையில் ஏறுது. அதற்கப்புறம் அதை யாராலும் அழிக்க முடியாது. செலவு? ஒரு நூல்கண்டு!

இன்னொன்றும் சொல்கிறோம். பேரிகை எல்லை மண். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்கிற பிள்ளைகள் இங்கே ஏராளம். 'மீச்சிற்றளவு' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் அந்தப் பிள்ளை மிரளும். கருவியைக் கையில் கொடுத்தால் சொல் தானா ஒட்டிக்கொள்ளும். காந்தம் எந்த மொழி பேசுற பிள்ளை கையிலும் இரும்பை இழுக்கும்!

இது புதுசு இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-ல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் இப்படித்தான் அறிவியல் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் செய்து பார்த்துப் படித்தார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வு எழுதினார்கள், செய்முறைக்கும் தனித் தேர்வு. சுமார் 1,000 பள்ளிகள் வரை வளர்ந்ததை 2002-ல் அரசே இழுத்து மூடியது. 30 வருட உழைப்பு ஒரே உத்தரவில் போச்சு! மக்கள் காவல் நிற்காத நல்ல திட்டத்துக்கு இதுதான் கதி.

நம்ம மாநிலத்தில் 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' வந்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குச் செய்முறை அறிவியலும் கணிதமும். நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறோம். ஆனா கணக்கும் போடுவோம். கருத்தாளர்கள் 710 பேர். ஒருவர் தலையில் 18 பள்ளிக்கு மேல்! தினம் ஒரு பள்ளி போனாலும், போன பள்ளிக்குத் திரும்பி வர ஏறக்குறைய ஒரு மாதம். மாதம் ஒரு நாள் வந்து போவது திருவிழா. தினமும் நடப்பதுதான் பாடம்.

ஒன்றிய அரசோ இன்னும் ஒரு படி மேலே! பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடியை நிறுத்தி வைத்தது. கொள்கையில் சண்டை இருந்தால் கொள்கையில் மோதட்டும். பிள்ளையின் பள்ளிக்கூடக் காசில் கை வைப்பது என்ன நியாயம்? 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 29, செயல்பாட்டின் வழியே, தேடிக் கண்டறிந்து கற்க வேண்டும் என்கிறது. சட்டம் போட்டதும் நீங்க, காசை நிறுத்தியதும் நீங்களா?

நாம் கேட்பது இவ்வளவுதான்:

1. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் வாரம் இரண்டு பாடவேளை செய்முறைக்கு என்று கால அட்டவணையிலேயே இருக்கட்டும். வேறு பாடத்துக்கு அதைக் கடன் கொடுக்கக் கூடாது.

2. கருத்தாளர் எண்ணிக்கையைக் கூட்டு. வகுப்பு ஆசிரியருக்கே பயிற்சியும் பொருளும் கொடு.

3. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கு. ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் போடாமல், கை வேலையைப் பார்த்துப் போடு. கணிதத்துக்கும் செய்முறை வேண்டும்.

4. ஓசூர், சூளகிரி சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் ஒவ்வொரு பள்ளிக்கும் வெர்னியர், திருகு அளவி வாங்கித் தரட்டும். நம்ம நிலமும் தண்ணீரும் எடுத்தவர்களுக்கு இது பெரிய பாரம் இல்லை.

பெற்றோர்களே! அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்க. "என் பிள்ளை இந்த மாசம் எத்தனை சோதனை செஞ்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் வரலைன்னா, "ஆய்வகச் சாவி எங்கே?" என்று அடுத்த கேள்வி.

பேரிகை என்றால் முரசு. ஊர் பெயரிலேயே முரசை வைத்துக்கொண்டு நாம் ஊமையாக இருக்கலாமா? கொட்டுங்க தோழர்களே!

பகிருங்கள், ஊர்க் குழுக்களில் போடுங்கள்.

#ஆய்வகத்தைத்_திற
#கையால்_கற்போம்