அளை பார்க்கும் ஆள்

துளைக்குத் தமிழில் பெயர்கள் பல. மரத்தில் இருந்தால் பொந்து, கறையான் எழுப்பினால் புற்று, புலி படுத்திருந்தால் முழை, எலி தோண்டினால் வளை. நண்டு தோண்டியதற்குச் சங்கப் புலவர்கள் வைத்திருந்த சொல் அளை. இவ்வளவு நுணுக்கமாகத் துளைகளைப் பிரித்தறிந்த மொழியில், இன்று எழுதப்படும் குளச் சீரமைப்பு மதிப்பீடுகளில் இவற்றுள் ஒன்றைக் காண்பது அரிது. எத்தனை கனமீட்டர் மண் அள்ளப்படும், இயந்திரம் எத்தனை மணிநேரம் ஓடும், கரை எவ்வளவு நீளத்துக்குப் பலப்படுத்தப்படும் என்பவை இருக்கும். அடுத்த ஐப்பசியில் அந்தக் கரையை உடைக்கப்போகும் துளையைப் பற்றி ஒரு வரி இருக்காது.

தூர்வாருதல் என்ற சொல் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்பது என் எண்ணம். 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்துத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியதிலிருந்து இச்சொல் நாளிதழ்களின் அன்றாடச் சொல்லாயிற்று. ஊர் இளைஞர்கள் பணம் திரட்டிச் செய்யும் பணிகளிலும் மாலை போட்ட மண்வாரி இயந்திரமே படத்தின் நடுவில் நிற்கிறது. நான் இவற்றை இகழவில்லை. பல குளங்கள் இதனால்தான் மீண்டன. ஆனால் குளம் என்பது பள்ளமன்று, கரை. உறவோடு கலந்து வாழாதவன் வாழ்க்கைக்கு வள்ளுவர் சொல்லும் உவமை கரையில்லாக் குளத்தில் நிறைந்த நீர். ஆழமில்லாத குளம் என்று அவர் சொல்லவில்லை.

வளையால் கரை எப்படி உடைகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எலியும் பெருச்சாளியும் நனையாத இடத்தில் குடியிருக்க விரும்புபவை. ஆகவே நீர்மட்டத்துக்கு மேலே, கரையின் உச்சியை ஒட்டி, பெரும்பாலும் வயல் பக்கமாகத் தோண்டுகின்றன. பெருச்சாளி இனத்தைச் சேர்ந்த வயலெலி நெற்கதிர்களைக் கொண்டுபோய்ச் சேமிப்பதற்கென்றே கிளையறைகள் வைத்திருக்கும். நண்டின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அதன் செவுள் ஈரமாக இருந்தாக வேண்டும். கோடையில் நீர் இறங்க இறங்க, வயல் நண்டு ஈரத்தைத் துரத்திக்கொண்டு நீர்ப்பக்கத்திலிருந்து ஆழமாக இறங்கும். ஆக, வற்றிய குளத்தின் கரையில் ஒருபுறம் மேலிருந்தும் மறுபுறம் கீழிருந்தும் இரு குடிகள் ஒன்றையொன்று அறியாமல் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் நீர் கலிங்கு மட்டத்துக்கு ஏறும் முதல் நாளில், அதுவரை காற்று மட்டுமே நடமாடிய வளைக்குள் முதன்முதலாக நீர் நுழைகிறது. கரை உடையும் ஆபத்து அன்றைக்கே அதிகம். கரையில் வளர்ந்த சீமைக்கருவேலத்தை மேலே மட்டும் வெட்டிவிட்டு வேரை விட்டுவிட்டால், மட்கிய வேர் விட்டுச்சென்ற குழாயும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

வெளிச்சரிவில் கசியும் நீரில் இருவகை உண்டு. தெளிந்து கசிந்தால் கரை வியர்க்கிறது என்று விட்டுவிடலாம். எல்லா மண்கரையும் ஓரளவு கசியும். கலங்கிக் கசிந்தால் கரை உள்ளேயிருந்து கரைந்து வருகிறது என்று பொருள். அப்போது செய்யக்கூடாத காரியம் வெளிவாயை அடைப்பது. உள்ளே புகுந்த நீர் வேறு வழி தேடும். நீர்ப்பக்கத்து வாயைக் கண்டுபிடித்து வைக்கோலும் மண்மூட்டையும் கொண்டு அடைக்க வேண்டும். வெளிவாயைச் சுற்றி மூட்டைகளை வட்டமாக அடுக்கி, அதற்குள் நீர் தேங்கி எதிரழுத்தம் தரும்படி செய்ய வேண்டும். நிலையான பழுதுபார்ப்பு கோடையில்தான் இயலும். வளையை அதன் கடைசி அறைவரை வெட்டித் திறந்து, ஈரக் களிமண்ணை அரையடிக்கும் குறைவான படலங்களாக இட்டு, ஒவ்வொன்றையும் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். வாயில் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டுப் போவது எலிக்குக் கதவு போட்டுக் கொடுப்பதுதான்.

ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில், ஓரம்போகியார் பாடியதில், கள்வன் பத்து என்று ஒரு பகுதி உண்டு. கள்வன் என்றால் அங்கே நண்டு. புள்ளி போட்ட அந்த நண்டு ஆம்பல் தண்டை அறுக்கிறது, விதைத்த வெண்முளையைக் கத்தரிக்கிறது, நெற்கதிரை இழுத்துக்கொண்டு தன் குளிர்ந்த மண் அளைக்குள் போகிறது. நெற்பூ உதிர்ந்து அளையே நிறைந்துபோகிறது. வகுப்பில் நாங்கள் செய்வதெல்லாம் நண்டு யார், ஆம்பல் யார் என்று உள்ளுறை பிரிப்பது. உள்ளுறையைத் தேடும் அவசரத்தில் நண்டைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்தப் பத்தைப் பாடியவருக்கு அளை எங்கே இருக்கும், எந்தப் பருவத்தில் நண்டு என்ன செய்யும் என்பது தெரிந்திருக்கிறது. நண்டு ஒரு தொல்லை என்பதும் தெரிந்திருக்கிறது. ஆனாலும் அதை ஒழித்துவிட வேண்டும் என்ற எண்ணம் பாட்டுக்குள் எங்கும் இல்லை.

இந்தப் பத்தை நடத்தியபோது, பழவேற்காட்டுக்கு அக்கரையில் பசியாவரம் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் சொன்னது நினைவில் நிற்கிறது. "எங்க ஊர்ல நண்டு வளைய யாரும் அடைக்க மாட்டாங்க ஐயா. கம்பிய விட்டுப் பாப்பாங்க." வகுப்பு சிரித்தது. எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. ஆரணியாற்றின் மேற்புறத்தில் குளக்கரையை அழிக்கும் குற்றவாளி, அதே ஆறு வந்து சேரும் ஏரியில் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம். இனம் வேறு என்பது உண்மை. மேலே இருப்பது நன்னீர் வயல் நண்டு, கீழே இருப்பது உவர்நீர்ச் சேற்று நண்டு. ஆனால் இரண்டையும் தொடும் நீர் ஒன்று.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. வளைக்குள் பூச்சிக்கொல்லியை ஊற்றுவதும் குருணை மருந்தைப் போட்டு மூடுவதும் வயல்களில் எளிதாகக் கையாளப்படும் வழிகள். நண்டு சாகும். வளை அப்படியே இருக்கும். கரைக்கு எந்த நன்மையும் இல்லை. மழை வந்ததும் அந்த வளையில் ஓடும் நீர் வாய்க்காலுக்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் போகிறது. பசியாவரம், இடமணி, சாட்டன்குப்பம் போன்ற ஊர்கள் அந்த நீரின் கடைமடையில் இருக்கின்றன. கடைமடை என்றால் நாம் கடைசி வயலைத்தான் நினைக்கிறோம். நம் பாசன வரைபடங்களில் மீனவர் இல்லை.

பழவேற்காட்டுக் கரையோரத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்நாட்டுக் குளத்துக்குப் பொருந்துவது அங்கே பொருந்தாது. உவர்நீர் சூழ்ந்த மணல்திட்டுகளில் மழைநீர் கனமான உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடிவரை உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அந்த 1 அடியை இறைத்து எடுத்தாலோ, குளத்தை ஆழப்படுத்துகிறேன் என்று தோண்டினாலோ உப்பு மேலேறும். உள்நாட்டில் பாராட்டப்படும் ஆழத் தூர்வாரல் அங்கே குடிநீர்க் குளத்தைக் கெடுக்கும். 1990களில் கடலோரங்களில் வெட்டப்பட்ட இறால் பண்ணைகளின் கதை தனி. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றைக் கட்டுப்படுத்தித் தீர்ப்பளித்தது. நண்டு கரையைத் துளைப்பதோடு வெண்புள்ளி நோயையும் சுமந்து வரும் என்பதால், இறால் குட்டைகளைச் சுற்றி நண்டுக்கென்றே வலைவேலி கட்டும் வழக்கம் உண்டு.

சரி, முன்பெல்லாம் வளைகளை யார் பார்த்தார்கள்? இக்கேள்விக்கு நம் மேடைகளில் உடனே உத்திரமேரூர் வந்துவிடும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை, ஏரி வாரியம். பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் அக்கல்வெட்டுகள் விரித்துரைப்பது வாரியத்தில் அமரத் தகுதியுள்ளவர் யார் என்பதை: நிலம் இருக்க வேண்டும், மறை ஓதியிருக்க வேண்டும். மழையிரவில் தீப்பந்தத்தோடு கரையில் நடந்தவர் நிலம் உள்ளவராக இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. பிற்காலத்தில் நீர்க்கட்டி, மடையர், கம்புக்கட்டி என்று ஊருக்கு ஊர் பெயர்பெற்ற இப்பணி பல இடங்களில் தாழ்த்தப்பட்ட சாதியினர்மேல் பரம்பரையாகச் சுமத்தப்பட்டது. கூலி களத்து நெல். 1858ஆம் ஆண்டின் சென்னை கட்டாய உழைப்புச் சட்டம் குடிமராமத்தை அரசாணையாகவே ஆக்கியது. எனவே பழைய முறை திரும்பட்டும் என்று சொல்பவர்களோடு நான் இல்லை. அந்த முறை சிதைந்ததற்கு, அந்த வேலையைச் செய்தவர்கள் அதிலிருந்து வெளியேற விரும்பியதும் ஒரு காரணம். அவர்கள் விரும்பியது நியாயம்.

போனது அந்த அடிமைத்தனம் மட்டுமன்று, கூடவே அறிவும் போயிற்று என்பதுதான் சிக்கல். இன்னமும் அவ்வறிவை வைத்திருப்பவர்களில் இருளர்கள் முதன்மையானவர்கள். வளையின் வாயில் கிடக்கும் மண்ணைப் பார்த்து உள்ளே எலி இருக்கிறதா, எத்தனை வழிகள் உண்டு என்று சொல்லிவிடுவார்கள். மண்பானையில் வைக்கோலைப் புகையவிட்டு வாயால் ஊதி வளைக்குள் செலுத்தி எலி பிடிப்பது அவர்களின் பழைய முறை. ஊதியவரின் நுரையீரலையும் அது வாங்கியது. கையால் சுற்றும் புகைக்கருவிகள் பின்னர் வந்தன. பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களிலும் இருளர்கள் உண்டு. கரையின் எலியையும் ஏரியின் இறாலையும் ஒருசேர அறிந்த இவர்களைச் சீரமைப்புக் குழுக்களில் நான் கண்டதில்லை.

பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தரின் நாடே கரைகளால் ஆனது. வட அமெரிக்காவைச் சேர்ந்த கத்தூரி எலியை 1905இல் ஒரு பிரபு பொகீமியாவில் கொண்டுவந்து விட, அது பெருகிப் பரவி 1941இல் நெதர்லாந்தை எட்டியது. நீர்ப்பக்கத்திலிருந்து கரையைக் குடையும் விலங்கு. அந்நாட்டின் நீர் வாரியங்கள் இதற்காகவே சம்பளம் பெறும் நூற்றுக்கணக்கான பிடிப்பாளர்களை வைத்திருக்கின்றன. கரை கரையாக நடப்பது அவர்கள் தொழில். அதற்கான வரியை வாரியங்களே விதிக்கின்றன. கொன்று தீர்ப்பதா என்று அங்கும் விலங்குநேயர்கள் வழக்காடுகிறார்கள், அது தேவையான வழக்கு. இத்தாலியில் 2014 சனவரியில் செக்கியா ஆற்றின் கரை உடைந்து மொடேனா அருகே ஊர்கள் மூழ்கியபோது, முள்ளம்பன்றி முதலானவற்றின் வளைகளே தொடக்கம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். பணமும் பொறியியலும் உள்ள நாட்டிலும் துளை துளைதான்.

நண்டையும் எலியையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவை கரை தோன்றிய நாளிலிருந்து அங்கே இருக்கின்றன. மாறியது, அவற்றைப் போய்ப் பார்க்கும் ஆள் இல்லாமல் போனதுதான். சீரமைப்புக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஏரிக்கு ஒருவரை ஆண்டு முழுவதும் மாதச் சம்பளத்தில் அமர்த்தலாம். சாதி பார்க்காத, சீருடையும் விடுப்பும் உள்ள வேலையாக. சித்திரையில் வளைகளை எண்ணிக் குறிக்கவும், ஆடிக்குள் வெட்டிக் கெட்டிக்கவும், ஐப்பசியில் நீர் ஏறும் முதல் வாரம் இரவும் நடக்கவும். பசியாவரம் சுற்றிய மீனவர் ஊர்கள் சிலவற்றில், யார் எந்நாளில் எங்கே வலை கட்டுவது என்று தலைக்கட்டுகள் முறை வைக்கும் பாட்டு முறை நெடுங்காலமாக உண்டு. அதிலும் விலக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், சச்சரவு இருக்கிறது. ஆனால் பொதுநீருக்குப் பொறுப்பாள் யார் என்ற கேள்விக்கு அங்கே ஒரு பெயரையாவது சொல்ல முடிகிறது. மேட்டில், ஒரு குளக்கரையில் நின்று இதே கேள்வியைக் கேட்டால் ஒப்பந்தக்காரரின் பெயர்ப்பலகையைக் காட்டுகிறார்கள்.